வண்டூர் படகுத்துறையில் ஒரு சீசன்

அந்தமானில் கடல் தேசியப் பூங்காவில் ஆறு மாத வேலை என்றதும் எங்கள் தெருவில் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: "அங்க என்ன வேலை?" பவளப்பாறை என்று பெருமையாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். போய்ச் சேர்ந்த மறுநாள் காலை ஆறரை மணிக்கு என்னை உட்காரவைத்த இடம், வண்டூர் படகுத்துறையில் ஒரு மேசை. மேசை மேல் ஒரு பதிவேடு, ஒரு கட்டுத் துணிப்பை, தண்ணீர் பாட்டிலுக்கு வாங்கித் திருப்பித் தரும் முன்பணத்தைப் போட ஒரு தகரப் பெட்டி. வருகிற பயணிகளின் பைகளைத் திறந்து, தீவுக்குப் பிளாஸ்டிக் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கடல்வாழ் உயிரியலில் முதுகலை முடித்துவிட்டுப் பை பார்க்கவா வந்தேன் என்று அன்றிரவு அழுதேன்.

அந்த மேசையைத்தான் இப்போது அதிகமாக நினைத்துக்கொள்கிறேன். இந்த மாதிரி வேலைக்குப் போக நினைக்கும் பிள்ளைகள் அடிக்கடி விவரம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் எல்லாவற்றையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் இடத்தைப் பற்றி. மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா 1983 மே 24 அன்று அறிவிக்கப்பட்டது. பரப்பு 281.5 சதுர கிலோமீட்டர். 15 தீவுகள், அவற்றின் நடுவே உள்ள கடல், ஓரங்களில் அலையாத்திக் காடு எல்லாம் சேர்ந்தது. தெற்கு அந்தமானின் மேற்குப் பக்கம், போர்ட் பிளேரிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் வண்டூர் வந்துவிடும். (நகரத்துக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டது. நான் இருந்தபோது போர்ட் பிளேர், எனக்கு அந்தப் பெயர்தான் கைக்கு வருகிறது.) பயணிகளை விடுவது இரண்டு தீவுகளுக்கு. மழை ஓய்ந்த மாதங்களில் ஜாலி பாய். மே மாதம் தென்மேற்குப் பருவம் நெருங்கியதும் அதை மூடிவிட்டு ரெட் ஸ்கின் தீவைத் திறப்பார்கள். ஒன்று திறந்திருக்கும்போது மற்றதுக்கு ஓய்வு. ஜாலி பாயில் இரவு தங்க முடியாது, கடை கிடையாது, ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு உண்டு. திங்கட்கிழமை விடுமுறை.

நான் தூத்துக்குடிக்காரி. எங்கள் மன்னார் வளைகுடாவிலும் 21 தீவுகளும் பவளமும் உண்டு. எங்கள் தாத்தா வள்ளத்தில் போய்ப் பவளக்கல் வெட்டிக்கொண்டு வந்தவர். அந்தக் காலத்தில் அது தப்பென்று யாரும் நினைக்கவில்லை. சுண்ணாம்புக் காளவாய்க்கும் வீட்டு அஸ்திவாரத்துக்கும் அந்தக் கல்தான். எங்கள் பழைய வீட்டின் பின்சுவரில் காரை பெயர்ந்த இடத்தில் பூப்பூவாகத் தெரியும். சின்ன வயதில் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருப்பேன். உயிரோடு இருக்கும் கல்லைப் பார்த்தே ஆக வேண்டும் என்ற ஆசை அங்கிருந்து வந்தது.

கப்பலில் போனேன். சென்னையிலிருந்து ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர், மூன்று நாள் ஆனது. விமானம் இரண்டு மணி நேரம் சொச்சம்தான், ஆனால் ஒரு தகர டிரங்குப் பெட்டி நிறையச் சாமான் வைத்திருந்தேன். அதில் பாதி வீண். ஜீன்ஸ் ஒருமுறை நனைந்தால் மூன்று நாள் காயாது. தோல் செருப்பில் இரண்டாவது வாரமே பச்சையாகப் பூஞ்சணம் பூத்தது. பாடப் புத்தகங்களின் அட்டை உப்பிவிட்டது. உண்மையிலேயே உதவியவற்றைச் சொல்கிறேன்: மெல்லிய முழுக்கைச் சட்டை நாலு, பின்பக்கம் வார் உள்ள ரப்பர் செருப்பு, கொசுவலை, நல்ல டார்ச், மூடி இறுகும் எவர்சில்வர் டப்பா இரண்டு. சான்றிதழ், கேமரா பேட்டரி, மாத்திரை எல்லாம் அந்த டப்பாவுக்குள்தான் பிழைத்தன. மாத்திரைப் புட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்களைத் தூக்கிப் போடாமல் அதற்குள் போட்டுவையுங்கள். கையில் ரொக்கம் கொஞ்சம் இருக்கட்டும். ஒப்பந்த வேலையில் முதல் சம்பளம் வர இரண்டு மாதம் ஆகலாம் என்று வைத்துக்கொண்டே கிளம்புவது நல்லது. தங்குமிடம் யார் பொறுப்பு, வார விடுமுறை எந்த நாள், அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது, இந்த மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

தங்கியது ஊருக்குள் ஒரு வங்காளி வீட்டின் பக்கத்து அறையில். தகரக் கூரை. வீட்டுக்கார அம்மாவை எல்லாரும் தீதி (அக்கா) என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் பேசும் இந்தியில் பாதி வங்காளம், என்னிடம் இந்தியே கிடையாது. முதல் மாதம் இருவரும் கைச்சாடையில் குடித்தனம் நடத்தினோம்.

அங்கே போனதும் முதலில் தடுமாறியது நேரத்தில். இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு வைத்தது. அந்தமான் அதிலிருந்து பத்துப் பாகை கிழக்கே. பாகைக்கு நாலு நிமிடம் என்று வைத்தால் நாற்பது நிமிடம் முன்னதாகவே பொழுது விடிந்து பொழுது சாய்கிறது. எங்கள் ஊரோ அந்தத் தீர்க்கரேகைக்கு மேற்கே; டிசம்பரில் அங்கே ஆறு மணிக்கு இறங்கும் சூரியன் அந்தமானில் ஐந்து மணிக்கே இறங்கிவிடும். ஐந்தரைக்கு முகம் தெரியாத இருட்டு. இது புத்தகத்தில் படித்தால் மனதில் ஏறாது. முதல் வாரமே போர்ட் பிளேர் கடைத்தெருவில் பொழுது இருக்கிறது என்று சுற்றிக்கொண்டிருந்து கடைசிப் பேருந்தைத் தவறவிட்டேன். வெற்றிமலை முருகன் கோயில் வாசலில் போய் உட்கார்ந்தேன். அர்ச்சனைக்கு வந்திருந்த ஒரு குடும்பம், "எந்த ஊரும்மா?" என்று கேட்டு, வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டு, காலையில் முதல் பேருந்தில் ஏற்றிவிட்டார்கள். பூர்வீகம் ராமநாதபுரம், மூன்று தலைமுறையாக அங்கேதான். நம் நாட்டுப்பக்கத்தை அவர்கள் "மெயின்லேண்ட்" என்பார்கள். அதற்கப்புறம் நான் எல்லா வேலையையும் நாலு மணிக்குள் முடிக்கப் பழகினேன். காலை நாலரைக்கு எழுந்தால் அந்த நாள் உங்களுடையது. ஏழு மணிக்கு எழுந்தால் பாதி நாள் போய்விட்டது.

பேருந்து வழியில் சிப்பிகாட் என்ற ஊர் வரும். சாலையோரம் பரந்த நீர்ப்பரப்பு, நடுவே பட்ட மரங்கள், கூட்டம் கூட்டமாகச் சிறகிகளும் கொக்கும். பறவைகளுக்காகக் காப்பாற்றி வைத்த ஏரி என்று நினைத்தேன். பக்கத்து இருக்கைப் பெரியவர், "இது எங்க நெல் வயல்" என்றார். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் தரை ஒரு மீட்டர் அளவுக்குக் கீழே இறங்கியது. கடல் வயலுக்குள் வந்தது, திரும்பிப் போகவில்லை. வண்டூர்க் கடற்கரையிலும் வேரோடு நிற்கும் செத்த மரங்களைப் பார்க்கலாம். புதிதாகப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்த மரங்களில் ஏறி நின்று புகைப்படம் எடுப்பதற்கு முன், பக்கத்தில் நிற்கும் ஊர்க்காரரிடம் அன்றைக்கு என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.

இனி கடல். கடற்கரையில் பிறந்தவளுக்குக் கடலைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன். எங்கள் ஊரில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். அங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏறக்குறைய இரண்டு மீட்டர் ஏறி இறங்கும். ஜாலி பாயில் படகு கரை சேரத் துறை கிடையாது. பெரிய படகு சற்றுத் தள்ளி நிற்கும், கண்ணாடி அடித்தளம் உள்ள சின்னப் படகில்தான் ஆட்களைக் கரைக்குக் கொண்டுபோவோம். இரண்டாம் மாதம் மேசையிலிருந்து என்னை வாரம் இருமுறை தீவுக்கும் அனுப்பத் தொடங்கினார்கள். ஒரு நாள் பயணிகள் இன்னும் கால்மணி நேரம் கேட்டார்கள். கடிகாரத்தைப் பார்த்தேன், நேரம் இருந்தது. சரி என்றேன்.

கிளம்பும்போது தண்ணீர் இறங்கியிருந்தது. படகில் பத்துப் பேர். கண்ணாடிக்குக் கீழே மான்கொம்புப் பவளம், கிளைகளின் நுனி வெளிர் நீலமாக, கை நீட்டினால் தொடும் தூரத்தில். அதற்குள் கருநீலக் குட்டி மீன்கள் கொத்தாகப் போய் ஒளிந்தன. எல்லாரும் குனிந்து ஆஹா என்றார்கள். அப்போது அடியில் கரகரவென்று ஒரு சத்தம், பல்லால் கல்லைக் கடித்த மாதிரி. படகு ஒரு குலுக்கல் குலுக்கி நகர்ந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். ஒடிந்த கிளைகள் நாலைந்து மணலில் கிடந்தன, ஒடிந்த இடம் மட்டும் சுண்ணாம்பு வெள்ளையாக. குட்டி மீன்கள் அந்தத் துண்டுகளைச் சுற்றியே வந்துகொண்டிருந்தன.

கால்மணி நேரம் கொடுத்தது நான். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

படகோட்டிகளில் ஒருவர் தமிழர், அங்கேயே பிறந்தவர். மற்றவர்கள் அண்ணா என்றார்கள், நான் எங்கள் ஊர் வழக்கப்படி அண்ணாச்சி என்றேன். அன்று அவர் என்னைத் திட்டவில்லை. கரை சேர்ந்ததும் சொன்னார்: "பாப்பா, கடிகாரத்தப் பாக்காத. அந்தா, அந்தக் கல்லப் பாரு. அது தலை காட்டுச்சுன்னா கூட்டத்தக் கெளப்பு. யாரு கெஞ்சுனாலும் கெளப்பு." கரையிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு குண்டுப் பவளம், மேல் பக்கம் தட்டையாக இருக்கும். அந்த வகை ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும். ஆள் உயரத்துக்கு இருப்பது நம் பாட்டனுக்குப் பாட்டன் காலத்தில் தொடங்கியது. கிளைவிடும் வகை அதைவிடப் பல மடங்கு வேகமாக வளரும், அதனால் ஒடிந்த மான்கொம்பு திரும்ப வரலாம். ஆனால் ஒவ்வொரு வற்றத்துக்கும் ஒடித்தால் எங்கிருந்து வரும்? அன்றிலிருந்து ஏற்றவற்ற அட்டவணையை அறைச் சுவரில் ஒட்டினேன், தீவில் அந்தக் கல்லைப் பார்த்தேன். நீங்கள் எந்தத் தீவுக்குப் போனாலும் அங்கே இப்படி ஒரு கல்லோ மரமோ படியோ இருக்கும். வயதான படகோட்டியிடம் கேட்டு முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

முதலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தமானில் உவர்நீர் முதலை உண்டு. வண்டூர்ப் பக்கமே லோகாபாரக்கில் முதலைச் சரணாலயம் இருக்கிறது. கழிமுகமும் அலையாத்தியும் அதன் வீடு, கடலிலும் நீந்திப் போகும். எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் கால் நனைக்காதீர்கள். விடியலிலும் அந்தியிலும் ஓடைக்கரையில் நிற்காதீர்கள். ஒரே படித்துறையில் தினமும் ஒரே நேரத்துக்குப் போய்ப் பாத்திரம் கழுவும் பழக்கம் கூடவே கூடாது. அது நம்மைப் பார்த்துவைத்துக்கொள்ளும் என்பார்கள் ஊர்க்காரர்கள். மீன் கழுவிய கழிவைத் தண்ணீரில் கொட்டுவது அதைக் கூப்பிட்டுச் சோறு போடுவதற்குச் சமம். தீதி மீன் செதிளைக்கூடக் குழி தோண்டித்தான் புதைப்பார்.

உடம்பு பழக ஒன்றரை மாதம் ஆனது. மணலில் கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சி கடிக்கும். கடித்தது தெரியாது, ராத்திரிதான் அரிப்பு எடுக்கும். சொறிந்தால் புண்ணாகிச் சீழ் வைக்கும். வெறும் மணலில் உட்காராமல் இருப்பதும், கணுக்காலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வதும் எனக்கு உதவின. பவளம் கிழித்த காயம் சின்னதாகத் தெரியும், ஆனால் ஆறவே ஆறாது. உள்ளே நுணுக்கத் துகள் தங்கிவிடுவதுதான் காரணம். உடனே நல்ல தண்ணீர் நிறைய ஊற்றித் தேய்த்துக் கழுவுங்கள். நான் முதல் காயத்தைச் சும்மா விட்டு இருபது நாள் நொண்டினேன். கல்மீன், சிங்கமீன் முள் குத்தினால் தாங்கும் அளவு சுடுதண்ணீரில் அந்த இடத்தை முக்கி வைத்துக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். எலிக்காய்ச்சல் அந்தத் தீவுகளில் பழகிப்போன நோய். காலில் வெட்டுக்காயத்தோடு மழைச் சேற்றில் வெறுங்காலில் நடக்காதீர்கள். காய்ச்சல் வந்தால் ஒரு நாள் பார்ப்போம் என்று படுத்துக்கொள்ளாமல், சேற்றில் நடந்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். வெயிலுக்குக் களிம்பு பூசுவதைவிட முழுக்கைச் சட்டையும் துண்டும் மேல். களிம்பு தண்ணீரில் கரைந்து பவளத்துக்குத்தான் போகிறது.

இந்தி கட்டாயம் வேண்டும். அங்கே வங்காளி, தெலுங்கர், தமிழர், மலையாளி, சோட்டா நாக்பூரிலிருந்து காட்டு வேலைக்கு வந்து ராஞ்சி என்றே பெயரான மக்கள், 1925 வாக்கில் பர்மாவிலிருந்து வந்த காரென் மக்கள் எல்லாரும் இருக்கிறார்கள். ஒருவரோடு ஒருவர் பேசுவது ஒரு எளிய இந்தியில். இலக்கணம் பார்க்கவே மாட்டார்கள், தப்பாகப் பேசினால் சிரிக்கவும் மாட்டார்கள். நான் முதலில் மனப்பாடம் செய்த வாக்கியம், "பத்தர் பர் மத் கடே ஹோயியே". கல்லின் மேல் நிற்காதீர்கள் என்று அர்த்தம். நாள் ஒன்றுக்கு முப்பது தடவை சொல்லியிருப்பேன். காரென் தோழர் ஒருவர் எங்களோடு இருந்தார், அதிகம் பேசமாட்டார். தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே எங்கே ஆழம், எங்கே கல் என்று சொல்வார். அவர் பக்கத்தில் சும்மா நின்று கற்றுக்கொண்டதற்கு எந்தக் கல்லூரியிலும் பாடம் இல்லை.

சரி, மேசைக்கு வருகிறேன்.

தொடக்கத்தில் நான் அந்த வேலையை மோசமாகச் செய்தேன். "பிளாஸ்டிக் கொண்டுபோகக் கூடாது, விதி" என்று ஆரம்பிப்பேன். லீவு போட்டு, டிக்கெட் எடுத்து, முன்னனுமதிக்கு அலைந்து வந்தவர்களுக்கு அந்த ஒரு வார்த்தையில் முகம் சுருங்கிவிடும். சண்டை வரும். சிப்ஸ் பாக்கெட்டை இடுப்பில் செருகிக்கொண்டு போவார்கள்.

ஜனவரியில் ஒரு காலை, மதுரைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று வந்தது. பன்னிரண்டு பேர், கூடவே எண்பது வயதிருக்கும் ஒரு பாட்டி. பாட்டியின் பையைத் திறந்தேன். உள்ளே எல்லாமே சின்னச் சின்ன பிளாஸ்டிக் கவர்கள், ஒவ்வொன்றும் ரப்பர் பேண்டு போட்டு இறுக்கியது. முறுக்கு ஒன்றில், வெற்றிலை ஒன்றில், காலை மாத்திரை ஒன்றில், ராத்திரி மாத்திரை ஒன்றில், விபூதி ஒன்றில், மாற்றுச்சேலை ஒரு பெரிய கவரில். மகனுக்குக் கோபம் வந்துவிட்டது. "வயசானவங்க பைய இப்படியா கொட்டுவீங்க? ஒரு முறுக்குக் கவர்ல கடல் கெட்டுருமா?" பின்னால் இருந்த வரிசை முழுக்க எங்களைப் பார்த்தது.

விதியைச் சொல்ல வாயெடுத்தேன். பாட்டி என் கையைப் பிடித்து, "எதுக்கும்மா வேணாங்குற?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார். "ஆச்சி, இது பறந்து தண்ணியில விழுந்தா ஆமை சொறிமீன்னு நெனச்சு முழுங்கிரும். அதுக்கு வெளிய எடுக்கத் தெரியாது" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். பாட்டி கொஞ்ச நேரம் யோசித்தார். மகனைப் பார்த்து, "நம்ம கெணத்துல போடுவியா நீ?" என்றார். பிறகு மேசையிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு ரப்பர் பேண்டாகக் கழற்றத் தொடங்கினார். முறுக்கு பேத்தியின் எவர்சில்வர் டிபன் பெட்டிக்குப் போனது. மாத்திரை இரண்டும் அவருடைய சுருக்குப்பையின் இரண்டு அறைக்குள். விபூதியை நெற்றியில் பூசி, மீதியைக் காகிதத்தில் மடித்தார். சேலையை எங்கள் துணிப்பையில் வைத்தார். கழற்றிய கவர்களைத் தடவித் தடவி நீவி, எண்ணி என்னிடம் கொடுத்தார். "பதினேழு இருக்கு. வரும்போது திருப்பிக் குடுத்துரு, வீட்டுக்கு ஆகும்."

மாலையில் மறக்காமல் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து விதியைக் கடைசியில்தான் சொன்னேன். முதலில் மாற்றுப் பையை எடுத்து நீட்டுவேன், அப்புறம் காரணம், ஒரே வரியில். அந்தக் காரணம் தாய்மொழியில் இருந்தால் பாதிச் சண்டை அடங்கிவிடும். அதனால் தெலுங்கிலும் வங்காளத்திலும் அந்த ஒரு வரியை எழுதி வாங்கி மேசையில் ஒட்டினேன். முதலில் பெரியவர்களின் பையைப் பாருங்கள். துணிப்பை, தூக்குவாளி, டிபன் பெட்டி எல்லாம் அவர்களுக்குப் பழகிய சாமான், வரிசையில் மற்றவர்களுக்கு அவர்களே சொல்லிவிடுவார்கள்.

திரும்பி வரும்போது பைக்குள் இன்னொன்று பார்க்க வேண்டியிருக்கும்: சங்கு, பவளத்துண்டு. பவளம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது, செத்த துண்டானாலும் எடுத்துப்போகக் கூடாது. வெறும் சங்கு என்று நினைத்துப் பையில் போடும் சங்கின் உள்ளே பல சமயம் துறவி நண்டு குடியிருக்கும். சங்கு கிடைக்காத நண்டு பாட்டில் மூடியை முதுகில் மாட்டிக்கொண்டு நடப்பதைத் தீவில் நானே பார்த்தேன். அந்த மூடியில் நமக்குத் தெரியாத எழுத்து இருந்தது.

அது ஒரு பெரிய வேதனை. நாங்கள் மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு கவராகப் பிடுங்குகிறோம். மறுநாள் காலை தீவின் கரையில் தாய்லாந்து எழுத்தும் பர்மிய எழுத்தும் அச்சடித்த பாட்டில்கள் வரிசையாக ஒதுங்கிக் கிடக்கும். செருப்பு, மிதவை, வலைத் துண்டு. சாக்கு சாக்காகப் பொறுக்கிப் படகில் ஏற்றுவோம். "அப்புறம் எதுக்கு எங்க பைய மட்டும் பாக்குறீங்க?" என்று ஒரு கல்லூரி மாணவர் கேட்டார். நியாயமான கேள்வி. "கடல் கொண்டுவர்றத நாங்க பொறுக்குறோம். நீங்க கொண்டுவர்றதையும் சேத்துப் பொறுக்க எங்களுக்கு ஆளில்ல" என்று உள்ளதைச் சொன்னேன். அன்று அவரும் நண்பர்களும் இரண்டு சாக்கு நிரப்பிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள்.

ஏப்ரலில் தண்ணீர் சூடேறும். பவளத்துக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அதற்கு நிறமும் பெரும்பகுதிச் சாப்பாடும் தருகிறது. வெப்பம் தாங்காமல் போனால் பவளம் அதை வெளியேற்றிவிட்டு வெளுத்து நிற்கும். சீக்கிரம் குளிர்ந்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் பட்டினியில் சாகும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் அந்தமானில் அப்படி நடந்தது. 2010 கோடையைப் பற்றி அண்ணாச்சி சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும். "தண்ணிக்குள்ள வெள்ளையடிச்ச மாதிரி இருந்துச்சு பாப்பா. பயணிங்க அழகா இருக்குன்னு படம் எடுத்தாங்க." என் சீசனில் சில மான்கொம்புகளின் மேல்நுனி மட்டும் வெளிறியது. ஏப்ரல் முழுக்க தீவுக்குப் போன ஒவ்வொரு நாளும் இறங்கிப் பார்த்து, அதே கல்லை அதே கோணத்தில் படம் எடுத்தேன். வேலை ஒப்பந்தத்தில் அது இல்லை. வெப்பத்தைக் கையால் தடுக்க முடியாது. ஏற்கெனவே தவித்துக்கொண்டிருக்கும் கல்லை மிதிக்காமலும் ஒடிக்காமலும் மூச்சுவிட விடுவது நம் கையில் இருக்கிறது. நான் வந்தது பவளத்துக்கான வேலைக்குத்தான் என்று மேசையில் உட்கார்ந்திருக்கும்போது தெளிவாகத் தெரிந்தது அந்த மாதத்தில்.

தனிமை எப்படி என்று எல்லாரும் கேட்கிறார்கள். டிசம்பரில் வங்கக்கடலில் புயல் என்று நாலு நாள் படகு ஓடவில்லை. சரக்குக் கப்பலும் வரவில்லை. கடையில் தக்காளி, உருளைக்கிழங்கு காலி. தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தில் அம்மாவோடு தொலைபேசியில்கூடப் பேச முடியாது, சிக்னலும் போய் போய் வரும். அந்த நாலு நாளும் தீதி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொடுத்தேன். கடுகெண்ணெயில் செய்த மீன்குழம்பின் வாசனை முதலில் குமட்டியது, மூன்றாம் நாள் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினேன். அவருடைய மாமனார் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதியாகக் கப்பலில் வந்து இறங்கிய கதையை அப்போதுதான் சொன்னார். பாதிதான் புரிந்தது. படகு ஓடாத நாளுக்கென்று கையில் ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள், தைப்பதோ வரைவதோ எதுவானாலும். அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தால் இரண்டாம் நாளே ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று தோன்றும்.

மே மாதம் ஜாலி பாயை மூடினார்கள். வடகயிறு, மிதவை எல்லாவற்றையும் கழற்றிக் கரைக்குக் கொண்டுவந்து, பதிவேட்டை ஒப்படைத்தேன். டிரங்குப் பெட்டியைத் தீதி வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன், பூச்சி உருண்டை போட்டு. போன வாரம் தீதி கூப்பிட்டார். மழையில் கூரை ஒழுகிப் பெட்டிக்குள் ஈரம் இறங்கிவிட்டதாம். கொசுவலையையும் அந்த ரப்பர் செருப்பையும் எடுத்து அடுப்படியில் காயப் போட்டிருக்கிறாராம். "நவம்பர்ல வருவேல்ல?" என்று கேட்டார். அவர் பேசிய இந்தி இந்தமுறை முழுசாகப் புரிந்தது. வருவேன் தீதி என்றேன்.